கோத்தகிரியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ: 14,240 கி.மீ. சரி, எத்தனை மணி நேரம்?

பச்சை_இலை

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் சின்னத் தோட்டம் வைத்திருக்கிறோம். மகளுக்கு நவம்பர் கடைசியில் பிரசவம், சான் ஹோசேயில் இருக்கிறாள். நானும் வீட்டுக்காரரும் நவம்பர் முதல் வாரம் கழிந்ததும் கிளம்பி, பிப்ரவரியில் திரும்பலாம் என்று இருக்கிறோம். அவருக்கு வயது 68, முட்டி வலி உண்டு. நான் விமானத்தில் ஒரே முறை காசிக்குப் போனதோடு சரி.

இணையத்தில் ஒரு கணக்குப் பக்கத்தில் கோயம்புத்தூர், சான் பிரான்சிஸ்கோ என்று போட்டுப் பார்த்தேன். தூரம் 14,240 கி.மீ., பறக்கும் நேரம் 16 மணி 20 நிமிடம் என்று வந்தது. மாப்பிள்ளை அனுப்பிய டிக்கெட்டில் கோயம்புத்தூர், சிங்கப்பூர், சான் பிரான்சிஸ்கோ என்று இருக்கிறது. போகும்போது மொத்தம் 22 மணி 35 நிமிடம். திரும்பும்போது 28 மணி 10 நிமிடம்! அதே ஊர்கள், அதே வழி. ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் எங்கே போகிறது? யார் கணக்கு தப்பு? மாப்பிள்ளையிடம் கேட்டால் "காற்றுங்க அத்தை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பெங்களூரிலிருந்து நேராகப் போகிற விமானம் ஒன்று உண்டென்றும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லவ்டேல்_லாந்தர்

அக்கா, அந்தப் பக்கம் சொல்வது காக்கா பறக்கிற தூரம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குக் காக்கா பறந்தால் 30 கி.மீ. கூட வராது. நம் ரயிலுக்கு 46 கி.மீ. காலை 7.10க்குக் கிளம்பினால் மேலே வந்து சேர மதியம் 12 மணி ஆகிறது, அதே வண்டி அதே தண்டவாளத்தில் இறங்க மூன்றரை மணி நேரம்தான். தூரம் மாறவில்லை, நேரம் மாறுகிறது. மலையில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தரவும் வேண்டுமா?

கணக்குப்புலி

ரயில் உதாரணம் பொருந்தாது. அங்கே ஏற்றம், இறக்கம். வானத்தில் ஏது மேடு பள்ளம்?

உண்மையான காரணம் பூமி சுழல்வது. மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது இல்லையா, அப்படியானால் மேற்கு நோக்கிப் போகிற விமானத்துக்கு ஊர் தானாகவே எதிரே வந்துவிடும், சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். அக்கா டிக்கெட்டில் தலைகீழாக இருக்கிறது, அதனால் ஏதோ அச்சுப்பிழை என்று நினைக்கிறேன்.

லவ்டேல்_லாந்தர்

புலி, ஊட்டி ஏரிக்கு மேலே ஒரு ஹெலிகாப்டரை ஒரு மணி நேரம் அசையாமல் நிறுத்தினால் கீழே எந்த ஊர் வரும்?

கணக்குப்புலி

அது வேற.

காத்தாடி

நான் 26 வருடம் ஒரு விமான நிறுவனத்தில் டிஸ்பாட்ச் மேசையில் இருந்தேன். விமானம் எந்த வழியாகப் போக வேண்டும், எவ்வளவு எண்ணெய் போட வேண்டும் என்று கணக்குப் போடுகிற வேலை. ஓய்வு பெற்றுக் குன்னூரில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 16 மணி 20 நிமிடம். 14,240ஐ 900ஆல் வகுத்துப் பாருங்கள், 15 மணி 50 நிமிடம் வரும். ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்த்திருக்கிறார்கள். அவ்வளவுதான் அந்தப் பக்கத்தின் வித்தை. காற்று தெரியாது, எந்த நாட்டு வானம் மூடியிருக்கிறது என்று தெரியாது, கோயம்புத்தூரிலிருந்து அப்படி ஒரு விமானமே கிடையாது என்பதுகூடத் தெரியாது. ஆனால் தூரம் சரிதான், அதில் பிழை இல்லை.

இரண்டாவது, உங்கள் டிக்கெட்டை நானே பிரித்துக் காட்டுகிறேன். இந்தத் தடத்தில் போகும்போது 4.15 + சிங்கப்பூரில் 3.00 + 15.20 என்று இருக்கும். கூட்டினால் 22.35. வரும்போது 17.20 + காத்திருப்பு 6.30 + 4.20. கூட்டினால் 28.10. சரியா பாருங்கள். உங்களுக்குக் காணாமல் போன 5 மணி 35 நிமிடத்தில் மூன்றரை மணி நேரம் சிங்கப்பூரில் உட்கார்ந்திருப்பது. கோயம்புத்தூர் விமானம் அடுத்து எப்போது கிளம்புகிறதோ அதுவரை காத்திருக்க வேண்டும். நம் ஊர் மினி பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த டிரிப்புக்கு நிற்பது மாதிரிதான். மீதி இரண்டு மணி ஐந்து நிமிடம்தான் காற்று. மாப்பிள்ளை சொன்னதில் பாதிக்கும் குறைவுதான் உண்மை.

இந்தக் காற்றைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல வேண்டும். தரையிலிருந்து 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், அதாவது விமானங்கள் பறக்கிற அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம். ஜப்பானுக்கு மேலேயும் வட பசிபிக்கிலும் குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 300 கி.மீ.ஐத் தாண்டுவது சாதாரணம். 1920களில் ஜப்பானியர் ஓய்ஷி வசாபுரோ பலூன்களைப் பறக்கவிட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார். எல்லா நாட்டுக்காரர்களும் படிக்கட்டும் என்று எஸ்பெராந்தோ என்கிற, உலகப் பொதுமொழியாக உருவாக்கிய செயற்கை மொழியில் எழுதினார், அதனாலேயே எந்த நாட்டிலும் அதிகம் பேர் படிக்கவில்லை!

சிங்கப்பூரிலிருந்து அமெரிக்கா போகிற விமானம் இந்த ஆற்றில் இறங்கி மிதந்துகொண்டே போகிறது. திரும்பி வரும்போது ஆற்றை விட்டு விலகி வடக்கேயோ தெற்கேயோ சுற்றி வரும், முழுக்க விலகவும் முடியாது. நீங்கள் பிப்ரவரியில் திரும்புகிறீர்கள், காற்று நல்ல வேகத்தில் இருக்கிற மாதம். 17.20 என்று போட்டிருப்பது அதனால்தான். ஜூலையில் திரும்பினால் கொஞ்சம் குறையும்.

கணக்குப்புலி, பூமி சுழலும்போது காற்றையும் சேர்த்துத்தான் இழுத்துக்கொண்டு போகிறது. நம் ஊர் மணிக்கு 1,600 கி.மீ. வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது, விமானமும் கிளம்பும் முன்பே அந்த வேகத்தில்தான் இருக்கிறது. நீங்கள் சொன்னதுபோல் இருந்தால் குன்னூர் பக்கத்து வெல்லிங்டனில் மேலே அடித்த கிரிக்கெட் பந்து ஒன்றிரண்டு கி.மீ. மேற்கே போய் விழும். ஆனால் ஒன்று, இந்தக் காற்றாறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவதற்கே பூமி சுழல்வதுதான் காரணம். அந்த வகையில் நீங்கள் பாதி சரி.

கணக்குப்புலி

பாதி சரி என்றால் பாஸ்மார்க் வந்துவிட்டது. நன்றி சார். ஆனால் காற்றுக்கு இரண்டு மணி நேரம் என்பதை நம்ப முடியவில்லை, அவ்வளவு பெரிய விமானத்தைக் காற்று என்ன செய்யும்?

காத்தாடி

2020 பிப்ரவரி 9ஆம் தேதி பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போனது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகிற பயணம். தரையிலிருந்து அளந்தால் உச்ச வேகம் மணிக்கு 1,327 கி.மீ. பைலட் எதையும் கூடுதலாக முடுக்கவில்லை, அன்றைக்குக் காற்று அப்படி.

இதைவிட நல்ல உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. ஏர் இந்தியா டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு முதலில் ஐரோப்பா, அட்லாண்டிக் வழியாகப் போனது, 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் பசிபிக் வழிக்கு மாற்றினார்கள், 15,300 கி.மீ. தூரம் 1,400 கி.மீ. கூடியது, நேரம் ஏறக்குறைய இரண்டு மணி குறைந்து பதினாலரை மணிக்கு வந்தது. அன்றைக்கு எங்கள் மேசையில் இதையே பேசிக்கொண்டிருந்தோம்.

பர்லியாறு_பலா

சீசன் நேரத்தில் போலீஸ் ஒருவழிப் பாதை போடுவதும் இதே கதைதானே? மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிற வண்டி குன்னூர் வழி, இறங்குகிற வண்டி கோத்தகிரி வழி. ஊட்டியிலிருந்து இறங்குகிறவன் கோத்தகிரி சுற்றிப் போகச் சொன்னால் முகம் சுளிப்பான். மே மாதம் குன்னூர் வழியில் எதிரும் புதிருமாக மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் நிற்பதற்குச் சுற்று வழியே மேல்.

அரவேணு_டீச்சர்

பச்சை இலை அம்மா, ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். பேரப்பிள்ளைகளுக்கு வாங்கிய உலக உருண்டை வீட்டில் இருக்கும். எங்கள் பள்ளியில் இருப்பது 30 செ.மீ. குறுக்களவு, அதில் ஒரு செ.மீ. என்றால் ஏறக்குறைய 425 கி.மீ. ஒரு தையல் நூலை எடுத்துக் கோயம்புத்தூரில் ஒரு விரலால் அழுத்திக்கொண்டு மறு நுனியை சான் பிரான்சிஸ்கோவுக்கு இழுத்துப் பிடியுங்கள். தளர்வாக விட்டால் பசிபிக் நடுவில் கிடக்கும். இழுக்க இழுக்க நூல் தானாக வழுக்கிக்கொண்டு வடக்கே ஏறும். முழுக்க இறுகும்போது பாருங்கள்: நேபாளம், திபெத், மங்கோலியா, சைபீரியா, அங்கே வட துருவக் கடலைத் தொட்டு, அலாஸ்காவில் இறங்கி, கனடா ஓரமாக வந்து சேரும்.

நேற்று எட்டாம் வகுப்பில் செய்தோம். நூல் 33, 34 செ.மீ. வந்தது. அதே இரண்டு ஊரையும் சுவரில் தொங்குகிற தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்து நேர்க்கோடு போட்டு, அந்தக் கோடு போகிற ஊர் ஊராக உருண்டையில் நூலைப் பதித்து வந்தால் 38 செ.மீ.க்கு மேல் வருகிறது. இரண்டாயிரம் கி.மீ. கூடுதல். "டீச்சர், நேர்க்கோடுதானே குட்டையாக இருக்கணும்" என்று ஒரு பையன் கேட்டான். உருண்டையில் நேர்க்கோடு என்பதே கிடையாது, இந்த இறுகிய நூல்தான் அதன் நேர்க்கோடு. இதற்குப் பெருவட்டம் என்று பெயர். இணையப் பக்கங்கள் தருகிற தூரம் இதுதான்.

நூலை நீங்களே பிடித்துப் பார்த்தால்தான் மனதில் ஏறும், நான் எழுதுவதைப் படித்தால் ஏறாது.

பச்சை_இலை

டீச்சர், பார்த்தேன்! பேத்தியின் உருண்டை சின்னது, ஆனாலும் நூல் மேலே ஏறியது. அவருக்கும் காட்டினேன், "அமெரிக்கா வடக்கே இருக்கா?" என்று கேட்டார். இத்தனை நாள் மேற்கே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் ஒன்று. நூல் திபெத், சைபீரியா என்று போகிறது, எங்கள் டிக்கெட் தெற்கே சிங்கப்பூருக்கு இறங்குகிறதே? முதல் அடியே தப்பான திசை இல்லையா?

காத்தாடி

நல்ல கேள்வி. கோயம்புத்தூர், சிங்கப்பூர் 3,160 கி.மீ. சிங்கப்பூர், சான் பிரான்சிஸ்கோ 13,590. மொத்தம் 16,750. நூலைவிட 2,500 கி.மீ. கூடுதல். ஆனால் நூல் போகிற வழியில் எந்த விமானமும் அப்படியே போவதில்லை.

திபெத்தின் தரையே சராசரியாக 4,500 மீட்டர் உயரம். நடுவானில் கேபின் அழுத்தம் போய்விட்டால் விமானம் உடனே 3,000 மீட்டர் வாக்கில் இறங்கியாக வேண்டும், மூச்சுவிடுவதற்கு. அங்கே இறங்கினால் மலைக்குள்தான் இறங்க வேண்டும். அதனால் அந்தப் பீடபூமியைச் சுற்றித்தான் போவார்கள். அப்புறம் சைபீரியா. 2022 பிப்ரவரிக்குப் பிறகு அமெரிக்க, ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வானம் மூடிவிட்டது. 2025 ஏப்ரல் கடைசியில் பாகிஸ்தான் வானம் இந்திய விமானங்களுக்கு மூடியதும் டெல்லியிலிருந்து மேற்கே போகிறவை சுற்றத் தொடங்கின. நமக்கு அது அவ்வளவாக உறைக்காது, கோயம்புத்தூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வளைகுடா போகிறவை அரபிக்கடல் மேலேயே போய்விடும்.

வானத்திலும் செக்போஸ்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மசினகுடி_மயில்

செக்போஸ்ட் என்றதும் என் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். அக்கா பெங்களூர் யோசித்தால் இதைப் படித்துவிட்டு யோசியுங்கள்.

போன வருடம் தம்பியைப் பெங்களூரில் விமானம் ஏற்றிவிடக் கிளம்பினோம். அதிகாலை 4 மணிக்கு விமானம். பந்திப்பூர் வழியாகப் போனால் இரவு 1 மணிக்கெல்லாம் விமான நிலையத்தில் இருக்கலாம் என்று கணக்கு. கிளம்புகிற நேரத்தில் அம்மா சாமி கும்பிடச் சொல்லி, பெரியப்பா வந்து, ஒரு பெட்டிக்குப் பூட்டு கிடைக்காமல்... கக்கநல்லா சோதனைச்சாவடிக்கு வரும்போது மணி 9.10. இரவு 9 முதல் காலை 6 வரை பந்திப்பூர் காட்டுக்குள் வண்டிகளுக்குத் தடை, 2009லிருந்தே இருக்கிற விதி, எனக்குத் தெரியாததல்ல. பத்து நிமிடம்தானே என்று கெஞ்சிப் பார்த்தேன். அந்த வனக்காவலர் கோபப்படக்கூட இல்லை, கையால் ரோட்டைக் காட்டினார். குறுக்குக் கட்டைக்கு அந்தப் பக்கம் நாலு மான்கள் தார் ரோட்டில் படுத்திருந்தன. யானை வேறு வரும் என்றார்.

திரும்பி, மலையைச் சுற்றி இறங்கி, சத்தியமங்கலம் போனால் திம்பம் மலைப்பாதையிலும் இரவுத் தடை, சேலம் வழியாக ஓட்டி, பெங்களூர் போய்ச் சேர்ந்தபோது விமானம் போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. டிக்கெட் பணம் முழுக்கப் போனது. தப்பு என்னுடையது, யாரையும் குறை சொல்லவில்லை. தம்பி இன்னும் குத்திக்காட்டுகிறான். "பத்து நிமிடம்" என்று யார் சொன்னாலும் வீட்டில் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.

லவ்டேல்_லாந்தர்

பூட்டு கிடைத்ததா?

மசினகுடி_மயில்

பெரியப்பா பாக்கெட்டில் இருந்தது.

ஜக்கனாரை

நான் பெங்களூர் நேர் விமானத்தில் போயிருக்கிறேன். 2021 ஜனவரியில் அந்தச் சேவை தொடங்கியது, முதல் பயணத்தை சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெண் விமானிகள் மட்டுமே ஓட்டி வந்தார்கள், செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய 14,000 கி.மீ. நான் போனபோது ஒரே மூச்சில் 16 மணி நேரம், திரும்பும்போது பதினேழரை. இறங்கி ஏறும் தொல்லை இல்லை என்பது உண்மை. ஆனால் அக்கா வீட்டிலிருந்து பெங்களூர் விமான நிலையம் 300 கி.மீ.க்கு மேல், கார் எட்டு மணி நேரம் கேட்கும், விமான நிலையம் தேவனஹள்ளிப் பக்கம், ஊருக்கு அந்தக் கோடியில். முட்டி வலிக்காரருக்கு எட்டு மணி நேரம் கார், அப்புறம் மூன்று மணி நேரம் வரிசை, அப்புறம் 16 மணி நேரம் சீட். கணக்கில் சிங்கப்பூர் வழிக்குச் சமமாகத்தான் வரும், உடம்புக்குச் சிங்கப்பூரே நல்லது. நடுவில் மூன்று மணி நேரம் காலை நீட்டி நடக்கலாம். சேவைகள் வருவதும் நிற்பதுமாக இருக்கும், ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டுதான் யோசிக்கவே வேண்டும்.

இரண்டு விமானத்துக்கும் ஒரே டிக்கெட்டாக இருக்கிறதா என்று மட்டும் மாப்பிள்ளையிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு, பெட்டியும் நேராக அங்கே போய்விடும். தனித்தனி என்றால் எல்லாம் உங்கள் தலையில். ஐயாவுக்குச் சக்கர நாற்காலி உதவி முன்கூட்டியே கேளுங்கள், அதில் வெட்கம் வேண்டாம். நடைபாதை ஓர சீட் வாங்குங்கள், மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்க வேண்டும், கால் நரம்பில் ரத்தம் கட்டாமல் இருக்க. கறிவேப்பிலை எடுத்துப் போகாதீர்கள், அங்கே பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள், பார்க்கவே வயிறு எரியும்.

பச்சை_இலை

ஒரே டிக்கெட்தான், கேட்டுவிட்டேன். ஐயா சக்கர நாற்காலி வேண்டாம் என்கிறார். நான் அவர் பெயரில் போட்டுவிட்டேன், சொல்லவில்லை.

அடுத்த சந்தேகம். செவ்வாய் இரவு 11.45க்குக் கோயம்புத்தூரில் ஏறுகிறோம். புதன் காலை 8.50க்கு சான் பிரான்சிஸ்கோ. அப்படியானால் ஒன்பது மணி நேரம்தானே ஆகிறது? டிக்கெட்டில் 22.35 என்று இருக்கிறது. திரும்பும்போது ஒரு நாளே காணோம்.

அரவேணு_டீச்சர்

பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது, அதனால் 15 பாகைக்கு ஒரு மணி நேரம். ஊட்டிப் பக்கம் முத்தொரையில் ரேடியோ டெலஸ்கோப் பார்த்திருப்பீர்கள், 530 மீட்டர் நீளம், 1970ல் கட்டியது. அந்த மலைச்சரிவின் சாய்வும் நம் ஊர் அட்சரேகையும் ஒன்றே, 11 பாகை. அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கிறது, அந்த ஒரு அச்சைச் சுற்றி மணிக்கு 15 பாகை திருப்பிக்கொண்டே போனால் போதும், ஒரே நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இடம் தேடி அலைந்து இந்தச் சரிவைக் கண்டுபிடித்தார்களாம். சரி, வழி மாறிவிட்டேன்.

நம் கடிகாரத்துக்கும் அவர்கள் கடிகாரத்துக்கும் நவம்பரில் பதின்மூன்றரை மணி நேரம் வித்தியாசம். அங்கே புதன் காலை 8.50 என்றால் நம் ஊரில் புதன் இரவு 10.20. செவ்வாய் இரவு 11.45லிருந்து எண்ணுங்கள், 22 மணி 35 நிமிடம் வரும். திரும்பும்போது பசிபிக் நடுவில் தேதிக்கோட்டைத் தாண்டுவதால் காலண்டரில் ஒரு தாள் கூடுதலாகக் கிழிப்பீர்கள். நவம்பர் முதல் ஞாயிறுக்கு முன்னால் போனவர்களுக்கு வித்தியாசம் பன்னிரண்டரைதான், அன்றைக்கு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். மகளுக்கு போன் போடும்போது கவனம்.

பர்லியாறு_பலா

வீட்டுக் கடிகாரத்தை மாற்றாமல் கையில் ஒன்றைக் கட்டிக்கொண்டு போங்கள் அக்கா, எத்தனை மணி நேரம் ஆனது என்று அதுதான் உண்மை பேசும்.

காத்தாடி

ஒன்று விட்டுப்போனது. விமானத்துக்குள் மூச்சு முட்டுமா, காது அடைக்குமா என்று பலர் கேட்பார்கள். கேபினில் காற்றழுத்தம் கடல் மட்டத்து அழுத்தம் அல்ல. புதிய ஏ350, 787 வகைகளில் 1,800 மீட்டர் உயரத்து அழுத்தம் வைப்பார்கள், பழைய விமானங்களில் 2,400 வரை போகும். கோத்தகிரி உயரம் என்ன? ஏறக்குறைய அதே 1,800. அதாவது நீங்கள் 15 மணி நேரம் கோத்தகிரியில்தான் உட்கார்ந்திருக்கப் போகிறீர்கள், காற்று மட்டும் பாலைவனம் மாதிரி வறண்டிருக்கும், தண்ணீர் நிறையக் குடியுங்கள். சென்னைக்காரர்களுக்குத் தலை கனக்கும், உங்களுக்கு ஒன்றும் ஆகாது.

பச்சை_இலை

கோத்தகிரி விமானத்துக்குள்ளேயா? நம்பவில்லை சார். போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.

பச்சை_இலை

எல்லாருக்கும் வணக்கம், சான் ஹோசேயிலிருந்து. பேரன் பிறந்து ஒன்பது நாள் ஆகிறது, தாயும் பிள்ளையும் நலம். இப்போதுதான் எழுத நேரம் கிடைத்தது.

இலை எடை எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் எல்லாம் குறித்து வைத்தேன். பர்லியாறு தம்பி சொன்னபடி கையில் நம் ஊர் நேரத்தை மாற்றவே இல்லை.

செவ்வாய் மாலை 5.00 வீட்டை விட்டுக் கிளம்பினோம். குஞ்சப்பனைக்கு முன்னால் மழைக்கு ஒரு சில்வர் ஓக் சாய்ந்து ரோட்டில் கிடந்தது, வெட்டி இழுக்க 35 நிமிடம். டிரைவர் பதறினார், நான் மசினகுடித் தம்பியை நினைத்துக்கொண்டேன், அதற்காகத்தான் அவ்வளவு முன்னால் கிளம்பியது. 8.15க்கு விமான நிலையம். முதல் விமானம் 4 மணி 10 நிமிடம். சிங்கப்பூரில் ஐயா சக்கர நாற்காலியைப் பார்த்து என்னை முறைத்தார், ஐந்து நிமிடம் நடந்தார், அப்புறம் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து இன்னொரு பெரியவரோடு பேச்சு, ராஜா மாதிரி போனார். இரண்டாவது விமானம் டிக்கெட்டில் 15.20, ஆனது 14.55. முன் சீட்டுத் திரையில் வேகம் காட்டிக்கொண்டே வந்தது, ஜப்பானுக்கு அந்தப் பக்கம் மணிக்கு 1,080 என்று வந்ததும் ஐயாவைத் தட்டி எழுப்பிக் காட்டினேன். காத்தாடி சாரின் ஆறு!

உள்ளூர் நேரம் 8.25க்கு இறங்கி, கைரேகை, கேள்வி, பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர 10.10. மகள் வீட்டு வாசல் 11.15. கையில் இருந்த கடிகாரத்தில் வியாழன் அதிகாலை 12.45. ஆக, வாசலிலிருந்து வாசலுக்கு 31 மணி 45 நிமிடம். விமானத்தில் இருந்தது அதில் 19 மணி 5 நிமிடம்தான். அந்த இணையப் பக்கம் சொன்ன 16.20ஐ வைத்து மாப்பிள்ளையைச் சண்டைக்கு இழுத்திருந்தேன், மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

காத்தாடி சார், உங்களுக்கு ஒரு சாட்சி வைத்திருக்கிறேன். கோத்தகிரி பேக்கரியில் வர்க்கி வாங்கி, கடைக்காரர் அங்கேயே ஒட்டிக் கொடுத்த பாக்கெட் ஒன்றைக் கைப்பையில் வைத்திருந்தேன். வாங்கும்போது தலையணை மாதிரி உப்பலாக இருந்தது. மேட்டுப்பாளையம் இறங்கியதும் கன்னம் ஒட்டிப்போன மாதிரி சுருங்கிவிட்டது. சிங்கப்பூரிலும் அப்படியே. விமானம் ஏறி ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தேன், பேக்கரியில் எப்படி இருந்ததோ அதே உப்பல், அதே வடிவம். மற்றவர்களின் சிப்ஸ் பாக்கெட் எல்லாம் வெடிக்கிற மாதிரி இருந்தது, நம்முடையது மட்டும் வீட்டில் இருக்கிற மாதிரி இருந்தது.

இங்கே இறங்கியதும் மறுபடி சுருங்கிவிட்டது. வர்க்கி உடையவில்லை, மகள் அன்றைக்கே நாலு தின்றுவிட்டாள்.

காத்தாடி

26 வருடத்தில் இந்தச் சோதனையை நான் செய்து பார்த்ததில்லை. பிப்ரவரியில் திரும்பும்போது 17.20 என்ன ஆகிறது என்று அதே நோட்டில் குறித்து வையுங்கள்.

கணக்குப்புலி

பேரனுக்கு வாழ்த்துகள் அக்கா. பிறந்த தேதி எந்த ஊர்க் கணக்குப்படி?

பச்சை_இலை

அதைத்தான் ஜோசியரும் கேட்கிறார்.